தடைக் கம்பிக்கு ஈயம் பிடிப்பது, அதுவும் ஒப்பரேசனுக்குப் பிறகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மங்கனின் என்ற உலோகக் கம்பியில் ஒரு ஓம், கால் ஓம் என்று அளவுத் தடைகள், அதாவது வேறு தடைகளை ஒப்பிட்டு அளக்கும் தடைகள், செய்து அவற்றுக்கு ஈயம் பிடிப்பது (சோல்டர் பண்ணுவது) என் பொழுதுபோக்கு. ஹேர்னியாவுக்குச் சத்திரசிகிச்சை முடிந்து வெள்ளவத்தையில் வீட்டோடு இருந்த காலத்தில் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். கேள்விப்பட்டவர்கள் ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள்: ரியூசன் மாஸ்ரர்மார், உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் பிள்ளைகள், ரேடியோ திருத்தும் நண்பர்கள், என்னைப் போலவே தையலோடு வீட்டில் இருந்த இரண்டொருவர். உடம்பைப் பற்றிய கேள்வியும் கம்பியைப் பற்றிய கேள்வியும் கலந்துதான் வந்தன, இங்கேயும் அப்படியே வரும். நான் டொக்டர் இல்லை. உடம்பு விஷயத்தில் உங்களுக்கு ஒப்பரேசன் செய்தவர் சொல்வதுதான் முடிவு.

தடைக் கம்பி எதற்கு? செப்புக் கம்பியை நீளமாகச் சுற்றினால் போதாதா?

தடை வரும், ஆனால் நிலைக்காது. செம்பின் தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். கொழும்பில் விடியற்காலை 25 பாகை, மத்தியானம் 31 பாகை என்றால் அந்த ஆறு பாகையிலேயே 2 சதவீதத்துக்கு மேல் போய்விடும். காலையில் அளந்த ஓமும் பின்னேரம் அளந்த ஓமும் ஒன்றில்லை என்றால் அதை வைத்து எதை அளப்பது?

மங்கனின் என்ற கலப்புலோகம் இதற்கென்றே வந்தது. செம்பு ஏறக்குறைய 84 முதல் 86 சதவீதம், மங்கனீசு 12, மிச்சம் நிக்கல். மின் அளவுக் கருவிகள் செய்த எட்வேர்ட் வெஸ்ரன் 1892 இல் உருவாக்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் கொன்ஸ்ரன்ரன் என்ற செம்பு நிக்கல் கலப்புலோகத்தையும் அவரே உருவாக்கியிருந்தார். மங்கனினின் தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை. ஏறி, ஓர் உச்சியைத் தொட்டு, பிறகு இறங்கும். அந்த உச்சி பெரும்பாலும் 20 இற்கும் 30 பாகைக்கும் இடையில் விழும். அதாவது நம்முடைய அறை வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே. உச்சிக்கு அருகில் ஒரு பாகை மாறினால் தடை பத்து இலட்சத்தில் ஒரு சில பங்குதான் மாறும். குளிர்நாட்டு ஆய்வுகூடக்காரர் அறையைச் சூடாக்கிப் பெறுவதை நாம் சும்மா இருந்தே பெறுகிறோம். கொழும்பின் வெக்கையால் கிடைக்கும் நன்மை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

மங்கனின், கொன்ஸ்ரன்ரன், நைக்குரோம்: எதை எடுப்பது?

நேரோட்ட அளவீட்டுக்கு மங்கனின். யோசிக்கவே வேண்டாம்.

கொன்ஸ்ரன்ரனும் வெப்பநிலைக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் செம்போடு சேர்ந்தால் அது ஒரு வெப்பவிணை. இரண்டு முனைகளின் வெப்பநிலையில் ஒரு பாகை வித்தியாசத்துக்கு 40 மைக்ரோவோல்ற் அளவில் தானாகவே மின்னழுத்தம் தரும். ஒரு ஓம் தடையில் 10 மில்லியம்பியர் விட்டால் கிடைப்பது 10 மில்லிவோல்ற். இரண்டு முனைகளுக்கும் இடையில் ஒரே ஒரு பாகை வித்தியாசம் இருந்தால் அதில் 0.4 சதவீதம் பொய். மங்கனினுக்கு இதே கணக்கில் ஒன்றிரண்டு மைக்ரோவோல்ற்தான் வரும்.

நைக்குரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்தது) ஹீற்றருக்கு. அதற்கு ஈயம் இலேசில் பிடிக்காது, அதைப் பற்றிக் கீழே.

கொழும்பில் எங்கே கிடைக்கும்?

புறக்கோட்டையில் முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் எலக்ரோனிக்ஸ் கடைகளில் நைக்குரோம் கேட்டால் எடுத்துத் தருவார்கள். மங்கனின் என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள். இணையத்தில் ஓடர் பண்ணுவது ஒரு வழி. இன்னொன்று, பழுதான அனலொக் மீற்றர்களையும் மல்டிமீற்றர்களையும் கழற்றுவது. 10 அம்பியர் துளைக்குப் பின்னால் வளைந்து நிற்கும் அந்தத் தடித்த வெற்றுக் கம்பி பெரும்பாலும் மங்கனின் வகைதான்.

வாங்கியது எது என்று சந்தேகமா? ஒரு முழம் கம்பியை எடுத்து இரண்டு முனையிலும் சுத்தமான செப்புக் கம்பியை முறுக்குங்கள். செம்பின் மறுமுனைகளை மல்டிமீற்றரின் 200 மில்லிவோல்ற் அளவில் கொடுங்கள். ஒரு முறுக்கைக் கொதிநீரில் தோய்த்து மற்றதை மேசையில் விடுங்கள். 3 மில்லிவோல்ற் அளவில் காட்டினால் கொன்ஸ்ரன்ரன். கடைசி இலக்கம் மட்டும் கொஞ்சம் ஆடினால் மங்கனினாக இருக்கலாம், நிறமும் செம்பழுப்பாக இருந்தால் நம்பலாம். தேத்தண்ணிக்கு வைத்த கேத்திலே போதும். தையலோடு இருக்கிறவர் கொதிநீரைத் தானே தூக்காமல் வீட்டில் ஒருவரைக் கூப்பிடுங்கள்.

ஒப்பரேசன் முடிந்து எத்தனை நாளில் இந்த வேலையைத் தொடங்கலாம்?

அது எந்த ஒப்பரேசன் என்பதைப் பொறுத்தது, டொக்டரைக் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது ஒன்று: நாளைப் பார்க்காமல் மாத்திரையைப் பாருங்கள். டிரமடோல், கோடீன் சேர்ந்த வலி மாத்திரைகள் தூக்கத்தைத் தரும், கவனத்தை மழுங்கடிக்கும். 350 பாகையில் இருக்கும் ஒரு சாமானைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்கி விழுவது நல்லதல்ல. வெறும் பரசிற்றமோலுக்கு வந்த பிறகு சோல்டரிங் அயனைத் தொடுங்கள். அதுவரை கம்பியை அளந்து வெட்டலாம், பொபினில் சுற்றலாம், கணக்குப் போடலாம். இந்த வேலையில் பாதி அதுதான்.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் பிளேட்டைக் கையில் எடுக்கும்போது கூடுதல் கவனம். கம்பியின் எனாமல் பூச்சைச் சுரண்டுகையில் விரலில் படும் சின்னக் கீறல்கூட நிற்க நேரமெடுக்கும்.

எப்படி உட்காருவது? எவ்வளவு நேரம்?

முதுகு சாயும் கதிரை, முழங்கைகள் இரண்டும் மேசையில் ஊன்றும் உயரம். வயிற்றில் தையல் என்றால் முன்னால் குனிவதுதான் இழுக்கும். ஆகவே வேலையை உயர்த்துங்கள், நீங்கள் குனியாதீர்கள். நான் தடித்த புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஒரு ஓட்டுத் துண்டை வைத்தேன், வேலை நெஞ்சு உயரத்துக்கு வந்தது. பூதக்கண்ணாடி விளக்கு இருந்தால் இன்னும் நல்லது.

அயன் ஸ்ராண்டை வலக்கைப் பக்கம், கையை நீட்டாமல் எட்டும் இடத்தில் வையுங்கள். அயன் வயரை மேசை விளிம்பில் ஒரு கிளிப்பால் பிடித்துவிடுங்கள். ஏன் என்றால், கீழே விழும் அயனைப் பிடிக்கப் பாய்வது மனிதனுக்கு இயல்பு. ஹேர்னியா தையலுக்கு அந்த ஒரு பாய்ச்சல் போதும், கை சுடுவது தனிக் கணக்கு. விழுந்தால் விழட்டும் என்று முதலிலேயே மனதுக்குச் சொல்லிவையுங்கள். தரை ஓடு தாங்கும்.

அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரேயடியாக உட்கார வேண்டாம். சத்திரசிகிச்சைக்குப் பிறகு அசையாமல் இருப்பது காலில் இரத்தக் கட்டி வர வழிசெய்யும், அதனால்தான் வார்ட்டிலேயே எழுப்பி நடக்க விடுகிறார்கள். ஒரு மூட்டு வைத்ததும் எழுந்து ஹோலில் இரண்டு சுற்று நடங்கள். மூட்டு ஆறுவதற்கும் அந்த நேரம் வேண்டும். அவசரக்காரன் சூடு ஆறுமுன் அளந்துவிட்டு எண் ஓடுகிறதே என்று தலையைச் சொறிவான். ஓய்வில் இருப்பவனுக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஈயப் புகை காயத்துக்குக் கூடாதாமே?

மேலே எழும் புகை ஈயம் அல்ல. அயனின் வெப்பத்தில் ஈயம் சொல்லும்படியாக ஆவியாகாது. அது சோல்டருக்குள் இருக்கும் ரொசின் பிளக்ஸ் (ஈயம் படிய உதவும் பிசின்) எரியும் புகை. அதற்காக நல்லது என்று நினைக்க வேண்டாம். ரொசின் புகை மூச்சுக்குழாயை உறுத்தும், சிலருக்கு ஆஸ்துமாவையே கிளப்பும். வயிற்றில் தையல் உள்ளவருக்கு இருமல் என்றால் என்ன என்று இருமிப் பார்த்தவருக்குத் தெரியும். முகத்தை நேர்மேலே வைக்காதீர்கள், சின்ன மேசை விசிறியால் புகையைப் பக்கவாட்டில் ஜன்னலுக்கு இழுத்துவிடுங்கள். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். அதற்கென்றே ஒன்றைக் கதிரையில் வைத்திருங்கள்.

ஈயம் உடம்புக்குள் போகும் வழி வாய். சோல்டரைத் தொட்ட விரலால் பிஸ்கற் எடுப்பது, மாத்திரை பிரிப்பது, காயக் கட்டைத் தொடுவது எல்லாம் கூடாது. சவர்க்காரம் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எதுவும். தேத்தண்ணிக் கோப்பையை அந்த மேசைக்கே கொண்டுவராதீர்கள்.

எந்தச் சோல்டர், எந்த அயன்?

63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம், நடுவில் ரொசின் உள்ளது; 0.7 அல்லது 0.8 மில்லிமீற்றர் தடிப்பு. இது 183 பாகையில் ஒரேயடியாக உருகி ஒரேயடியாக உறையும். 60/40 உம் பரவாயில்லை, ஆனால் உறையும்போது சில பாகைகளுக்குக் களிபோல நிற்கும். அந்த நேரம் கை அசைந்தால் மூட்டுக்குள் வெடிப்பு விழும். கை நடுங்கும் காலத்தில் 63/37 எடுப்பதற்கு அதுவே போதிய காரணம். ஈயமில்லாத சோல்டர் 217 பாகைக்கு மேல்தான் உருகும், கம்பிக்கும் அதிக சூடு, உங்களுக்கும் அதிக நேரம்.

அயன் வெப்பநிலை கட்டுப்பாடு உள்ளது, 50 வாட் அளவில், 350 பாகையில். தடித்த செப்பு முனையத்துக்கு உளி வடிவ நுனி. ஊசி நுனி அழகாக இருக்கும், வெப்பத்தைக் கொண்டுபோகாது. மூன்று முனைப் பிளக்கில் ஏர்த் சரியாக இருக்கிறதா, மெயின் போர்ட்டில் ரிப் சுவிச் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பழைய வீடுகளில் உருண்டை முனைச் சொக்கற்றுக்குச் சதுர முனைப் பிளக்கை ஏதோ ஒரு கட்டையால் திணித்திருப்பார்கள், அதில் வேண்டாம்.

ஈயம் பிடிக்கும் முறையைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல முடியுமா?

முதலில் எது பிரச்சினை என்று சரியாகத் தெரிய வேண்டும். பலர் சோல்டர் மூட்டுக்குத் தடை இருக்கிறது, அது அளவில் சேர்ந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். சோல்டரின் தடைத்திறன் செம்பைவிட ஒன்பது மடங்கு அளவில் கூடத்தான், ஆனால் மூட்டு மிகக் குட்டை. நல்ல மூட்டின் தடை மைக்ரோ ஓம் கணக்கில் முடிந்துவிடும். உண்மையான பிரச்சினை வேறு: தடைக் கம்பி எந்த இடத்தில் முடிகிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் போவது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள மங்கனின் மீற்றருக்கு 2.4 ஓம் அளவில். ஒரு ஓமுக்கு 41 சென்ரிமீற்றர் வேண்டும். சூடான சோல்டர் கம்பியின் மேல் தானாக ஊர்ந்து ஏறும். அது ஒரு மில்லிமீற்றர் கூட ஏறினால் அந்த ஒரு மில்லிமீற்றர் கம்பி தடையாக வேலை செய்யாது, மின்னோட்டம் சோல்டர் வழியே போய்விடும். இழப்பு 2.4 மில்லி ஓம், அதாவது கால் சதவீதம். 0.1 ஓம் சண்டுக்கு (மின்னோட்டம் அளக்கும் சிறு தடைக்கு) இதே ஒரு மில்லிமீற்றர் 2.4 சதவீதம். நீங்கள் நாலு தசமத்தானத்துக்குப் பார்க்கும் அளவீட்டில் இது எங்கே நிற்கும்?

ஆகவே சோல்டர் எங்கே நிற்கவேண்டும் என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கவேண்டும். நான் செய்வது இது. கம்பியின் எனாமலை நுனியிலிருந்து 4 மில்லிமீற்றருக்கு மட்டும் சுரண்டுவேன். பிளேட்டைக் கம்பிக்குச் செங்குத்தாகப் பிடித்து, வெட்டாமல் உரசி, கம்பியைத் திருப்பித் திருப்பி, சுற்றிவர ஒரே நிறம் வரும்வரை. கீறல் விழுந்தால் அந்த இடம் மெலிந்துவிடும். சில எனாமல் அயன் சூட்டிலேயே உருகி விலகும், மங்கனின் கம்பிகளில் வருவது பல நேரம் அப்படிப்பட்டதில்லை, சுரண்டத்தான் வேண்டும். எனாமல் நிற்கும் எல்லைதான் சோல்டருக்கும் எல்லை, அதற்கு அப்பால் அது ஒட்டாது. வெற்றுக் கம்பி என்றால் அந்த எல்லையில் ஒரு செப்பு முதலைக் கிளிப்பைக் கடிக்கவிடுங்கள். சூட்டை அது குடித்துவிடும், சோல்டர் அங்கேயே உறைந்து நிற்கும்.

சுரண்டிய பகுதிக்குச் சிறிது ரொசின் தடவி மெல்லிய பூச்சாக ஈயம் பூசுங்கள். மங்கனின் செம்பு அதிகமுள்ளது, ரொசினுக்கே படியும். இரண்டு விநாடியில் பளபளவென்று வழிந்து பிடிக்கும். குண்டுமணிபோல உருண்டு நின்றால் சுத்தம் போதாது, அயனை எடுத்துவிட்டு மறுபடி சுரண்டுங்கள். சூட்டைக் கூட்டிச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். காற்றில் அதிகம் சூடானால் மேற்பரப்பிலுள்ள மங்கனீசு ஒட்சிசனோடு சேர்ந்து கழன்றுவிடும், அந்த இடத்துக் கம்பி மங்கனினாகவே இராது.

அப்புறம் செப்பு முனையத்துக்குத் தனியாக ஈயம் பூசுங்கள். பிறகு கம்பியை முனையத்தில் இறுக்கமாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். சோல்டர் பிடிப்புக்கு அல்ல, மின்தொடர்புக்கு. பிடித்து வைப்பது அந்தச் சுற்று. அயனை முனையத்தில் வைத்து, முனையம் சூடேறி, பூசிய ஈயம் தானாக உருகிக் கம்பியோடு சேரும்வரை பாருங்கள். கூடுதல் சோல்டர் ஒரு பொட்டு போதும். அயனை எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஐந்து எண்ணுங்கள். வயிற்றுத் தையல்காரர் மூச்சைப் பிடிக்க வேண்டாம், கையை மட்டும் பிடியுங்கள்.

நாலு வயர் முறை என்கிறார்களே, அது கட்டாயமா?

ஒரு ஓமும் அதற்குக் கீழும் என்றால் கட்டாயம். 10 சென்ரிமீற்றர் நீளம், 0.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள செப்பு வயருக்கே 9 மில்லி ஓம் அளவில் தடை உண்டு. அது ஒரு ஓமில் ஏறக்குறைய ஒரு சதவீதம், அதுவும் வெப்பத்துக்கு ஆடும் செம்பு. இரண்டு வயரால் மின்னோட்டத்தைக் கொடுத்து, வேறு இரண்டு வயரால் அழுத்தத்தை எடுத்தால் அந்த வயர்களின் தடை கணக்கில் வராது. கெல்வின் பிரபு காட்டிய வழி.

இதில் ஈயம் பிடிக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அழுத்த வயரை மின்னோட்ட முனையத்துக்கு உள்பக்கமாக, தடைக் கம்பியின் மேலேயே பிடிக்கவேண்டும். அழுத்த வயர் தொடும் அந்தப் புள்ளியில்தான் உங்கள் தடை தொடங்குகிறது, மறுபக்கத்துப் புள்ளியில் முடிகிறது. வெளியே மின்னோட்ட மூட்டு எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் அளவைக் கெடுக்காது. ஆகவே நடுங்காத நேரத்தை, நல்ல வெளிச்சத்தை, அந்த இரண்டு சின்ன மூட்டுகளுக்கு ஒதுக்குங்கள்.

திருத்துவதும் அங்கேதான். கம்பியைச் சற்று நீளமாக விட்டு, அளந்து பார்த்து, ஓர் அழுத்த மூட்டை உருக்கி உள்ளே நகர்த்தினால் தடை குறையும். அளவுக்கு மிகக் குறைந்துவிட்டால் கம்பியை நுண்ணிய அரத்தாளால் இலேசாக உரசினால் கூடும். முதலாவது வழி சுத்தமானது.

நைக்குரோமில் ஈயம் பிடிக்கவே மாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

அதன் மேல் இருக்கும் குரோமிய ஒட்சைட்டை ரொசின் அசைக்காது. பொஸ்போரிக் அமிலம் அல்லது சிங்க் குளோரைட்டு உள்ள பிளக்ஸ் போட்டால் பிடிக்கும். ஆனால் அந்தப் புகை மூக்கை எரிக்கும், மிச்சம் கிடந்தால் கம்பியைத் தின்னும். பின்னர் அப்பச்சோடா கரைத்த தண்ணீரிலும், அதன்பின் நல்ல தண்ணீரிலும், கடைசியாக ஐசோபுரோப்பைல் அற்ககோலிலும் கழுவவேண்டும். ஓய்வுக் காலத்தில் இதைத் தொடாதீர்கள் என்பதே என் பதில். அவசியம் என்றால் கம்பியைச் சின்னச் செப்புக் குழாய்க்குள் விட்டுக் குறடால் நசுக்கி, குழாய்க்கு ஈயம் பிடியுங்கள்.

செட்டியார் தெருப் பத்தரிடம் கொடுத்து வெள்ளிப் பொடி வைத்து ஊதிவிடலாமா என்று ஒரு மாஸ்ரர் கேட்டார். நல்ல யோசனைதான், தரமான நியமத் தடைகளில் மங்கனினை வெள்ளிச் சோல்டரால்தான் இணைப்பார்கள், மென்சோல்டர்போல அது காலப்போக்கில் தளராது. ஆனால் காட்மியம் கலந்த பொடியா என்று முதலில் கேளுங்கள். அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. கேடிஎம் நகை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்தக் கேடி காட்மியந்தான்.

செய்து முடித்ததும் அளந்தேன், அடுத்த நாள் வேறு எண். எங்கே பிழை?

பிழை இல்லை, கம்பி இன்னும் அடங்கவில்லை. வளைத்ததும் சுற்றியதும் கம்பிக்குள் இறுக்கத்தை ஏற்றியிருக்கின்றன, அயன் சூடு முனையை வேறுவிதமாக மாற்றியிருக்கிறது. சுருளை 140 பாகை அளவில் ஒரு நாளுக்குக் குறையாமல் வேகவைத்து அடக்குவது பழைய முறை. 183 இற்குக் கீழ் என்பதால் சோல்டர் உருகாது. வீட்டு ஓவனின் குமிழை மட்டும் நம்பாதீர்கள், தனியாக ஒரு வெப்பமானி வையுங்கள். கேக் அடிக்கிற ஓவன் என்றால் வீட்டில் அனுமதி வாங்குங்கள், கரண்ட் பில்லையும் யோசியுங்கள். நான் வேகவைக்கவில்லை. சுற்றிய சுருளை அலுமாரியில் வைத்துவிட்டு இடைக்கிடை அளந்து எழுதினேன், எண் நகர்வது தானாகக் குறைந்து வந்தது. வீட்டில் இருப்பவருக்கு அதுதான் வசதி.

மழைக்காலத்தில் தடை மாறுமா?

மாறும், இது பழைய கதை. வாஷிங்டனில் அமெரிக்க நியமப் பணியகத்தில் ரோசா என்பவர் 1907 அளவில் கவனித்தது: ஷெல்லாக் (அரக்கு) பூசிய மங்கனின் சுருள்களின் தடை கோடையில் கூடி, குளிர்காலத்தில் குறைந்தது. வெப்பம் காரணமில்லை, ஈரப்பதம். ஷெல்லாக் ஈரத்தைக் குடித்து வீங்கிக் கம்பியை இழுக்கிறது. தீர்வாகச் சுருளை எண்ணெயில் மூழ்கடித்துப் பாத்திரத்தை அடைத்தார்கள். வாஷிங்டனுக்கே அப்படி என்றால், சப்பாத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கிற வெள்ளவத்தைக்கு என்ன சொல்வது?

பார்மசியில் விற்கும் லிக்குயிட் பரஃபின் கனிம எண்ணெய்தான், போத்தலில் ஊற்றிச் சுருளை அதில் விடலாம். ஒப்பரேசனுக்குப் பிறகு மலச்சிக்கலுக்கென்று வீட்டில் வாங்கி வைத்திருந்தால் மிச்சத்துக்கு ஒரு வேலை கிடைத்தது. தேங்காய் எண்ணெய் வேண்டாம். நாள்பட அமிலமாகிச் செம்பைப் பச்சையாக்கும், ஏசி அறையில் 24 பாகைக்குக் கீழ் போனால் உறையவும் செய்யும்.

பிளக்ஸ் கழிவு ஈரத்தில் கடத்துமா என்றும் கேட்டார்கள். ஒரு ஓமுக்கு அது பொருட்டில்லை. ஒரு இலட்சம் ஓம் தடை என்றால், பக்கத்தில் நூறு கோடி ஓம் கசிவு இருந்தாலே பத்தாயிரத்தில் ஒரு பங்கு போய்விடும், அங்கே கழுவியே ஆகவேண்டும்.

விசிறி போட்டால் மீற்றர் ஆடுகிறது.

ஆடும். ஒரு மூட்டில் காற்றுப் பட்டு மற்றதில் படாவிட்டால் இரண்டும் வேறு வெப்பநிலை, அங்கே மூட்டுகள் வெப்பவிணையாக வேலை செய்யும். ஈயம் பிடிக்கும்போது விசிறி வேண்டும், அளக்கும்போது நிறுத்துங்கள். வியர்த்தால் வியர்க்கட்டும், அல்லது தடையைப் பிஸ்கற் தகரப்பேணிக்குள் பஞ்சு வைத்து மூடிவிடுங்கள். எண்ணெயில் இருந்தால் இன்னும் நல்லது.

கடற்கரைப் பக்கத்து வீடுகளுக்கு இன்னொன்று. உப்புக் காற்றில் கறுத்த செம்பை அப்படியே முறுக்காதீர்கள். சுத்தமான செம்பு செம்போடு சேர்ந்தால் ஒரு பாகைக்கு 0.2 மைக்ரோவோல்ற்கூட வராது. இடையில் செப்பு ஒட்சைட்டு இருந்தால் அது ஆயிரம் மைக்ரோவோல்ற் அளவுக்குப் போகக்கூடும். இவ்வளவு பாடுபட்டு மங்கனின் தேடியதெல்லாம் ஒரு கறுத்த கிளிப்பில் போய்விடும்.

மிச்சமிருக்கும் வெப்ப அழுத்தத்தை (வெப்பநிலை வித்தியாசத்தால் வரும் மின்னழுத்தத்தை) எப்படிக் கழிப்பது?

மின்னோட்டத்தைத் திருப்புங்கள். ஒரு திசையில் 100.32 மில்லிவோல்ற், மறுதிசையில் 100.28 என்று வந்தால் சராசரி 100.30. வெப்ப அழுத்தம் திசை மாறாது, ஆகவே அந்த 0.02 கழிந்துபோகும். மின்னோட்டத்தை எவ்வளவென்று துல்லியமாக அறியவும் தேவையில்லை. தெரிந்த தடை ஒன்றைத் தொடராகப் போட்டு இரண்டின் அழுத்தங்களையும் ஒரே மீற்றரில் மாறி மாறி வாசித்து விகிதம் எடுங்கள். உயர்தர மாணவர் அழுத்தமானிப் பரிசோதனையில் செய்வதும் இதுவேதான். ஒரு ஓமுக்கு 100 மில்லியம்பியர் போதும், அதில் 10 மில்லிவாட் வெப்பந்தான் வரும். ஒரு அம்பியர் விட்டால் ஒரு வாட், கம்பி சூடேறி எண் ஓடும்.

கை நடுங்குகிறது. சேலைன் ஏற்றிய கை இன்னும் வலிக்கிறது.

மணிக்கட்டை மேசையில் ஊன்றுங்கள், முனையத்தைச் சின்ன வைஸில் பிடியுங்கள், சோல்டரைக் கையில் பிடிக்காமல் முன்பே ஈயம் பூசி வைத்தால் ஒரு கை மிச்சம். சேலைன் ஏற்றிய இடம் சிவந்து வீங்கித் தொட்டால் சுட்டால் அது அயன் பிடிக்கிற நாள் இல்லை, டொக்டருக்குக் காட்டுகிற நாள்.

பேஸ்மேக்கர் வைத்தவர்கள்? கண் ஒப்பரேசன் செய்தவர்கள்?

பேஸ்மேக்கர் என்றால், பெரிய ட்ரான்ஸ்போமர் உள்ள துப்பாக்கி வடிவச் சோல்டரிங் கன்னைத் தொடாதீர்கள். சாதாரண அயனையும் நெஞ்சிலிருந்து ஒரு அடி தூரத்தில் வையுங்கள், கிளினிக்கில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். கண்புரை ஒப்பரேசன் என்றால் புகையும் தெறிக்கும் பிளக்சும் ஆகாது. டொக்டர் சரி என்று சொல்லும்வரை காத்திருங்கள், பிறகும் பாதுகாப்புக் கண்ணாடி.

“இந்த நிலைமையில இது தேவையா?” என்று மனுசி கேட்கிறா. என்ன சொல்ல?

என் வீட்டிலும் கேட்டா. பாரம் தூக்குவதில்லை, படி ஏறுவதில்லை, அரை மணிக்கொருதரம் எழுந்து நடக்கிறேன் என்று சொன்னேன். நடக்கிறேனா என்று அவ பார்க்கத் தொடங்கினா. அதுவும் நல்லதுதான்.

செய்த தடையை எங்கே சரிபார்ப்பது?

வீட்டுத் தேவைக்கு, 0.01 சதவீதத் துல்லியமுள்ள ஒரு தடையை வாங்கி அதோடு ஒப்பிடுவதே மலிவு. சான்றிதழோடு வேண்டும் என்றால், நாட்டின் மின் அளவு நியமங்களைப் பேணும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தை முதலில் தொலைபேசியில் கேளுங்கள். எண்ணெய்ப் போத்தலோடு பஸ்ஸில் போவதற்கு உங்கள் தையல் சம்மதிக்காவிட்டால் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். போத்தலை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எந்த மின்னோட்டத்தில், எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பது சான்றிதழில் இருக்கவேண்டும். 23 பாகை என்று போட்டிருந்தால், உங்கள் அறை 29 இல் இருக்கும்போது அதே எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இரண்டு வெப்பநிலையிலும் அளந்து தரமுடியுமா என்று கொடுக்கும்போதே கேட்டுவையுங்கள்.